பேரி பான்ட்ஸ் ஊக்கமருந்து எடுத்தாரா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க பேஸ்பாலில் அதிக ஹோம் ரன் அடித்தவர் பேரி பான்ட்ஸ். மொத்தம் 762. ஒரே பருவத்தில் அதிகம் அடித்தவரும் அவர்தான்: 2001-ல் 73. இந்த இரண்டு சாதனைகளும் இன்றுவரை அவர் பெயரில்தான் இருக்கின்றன. ஆனால் அந்த ஆட்டத்தின் உச்ச கௌரவமான ஹால் ஆஃப் ஃபேமில் அவருக்கு இடம் இல்லை. கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களிடம் இந்த விஷயத்தைச் சொன்னால் வரிசையாகக் கேள்விகள் வரும். பல வருடமாக இதைப் பின்தொடர்ந்து வருகிறவன் என்ற முறையில் அவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

பேஸ்பாலே தெரியாது. ஹோம் ரன் என்றால் என்ன, இவர் யார்?

ஹோம் ரன் என்பது கிட்டத்தட்ட நம் சிக்ஸர் மாதிரி. பந்து வேலியைத் தாண்டி விழுந்தால், அடித்தவர் 'பேஸ்' எனப்படும் நான்கு மூலை இடங்களையும் சுற்றி வந்துவிடலாம். சிக்ஸரைவிட ரொம்ப அரிது. ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள் ஆடி 40 ஹோம் ரன் அடித்தாலே பெரிய ஆள்.

பான்ட்ஸ் 1964-ல் கலிஃபோர்னியாவில் பிறந்தார். அப்பா பாபி பான்ட்ஸும் பெரிய ஆட்டக்காரர். ஞானத்தந்தை வில்லி மேஸ், பேஸ்பாலின் எல்லாக் காலத்துக்குமான மேதைகளில் ஒருவர். பான்ட்ஸ் 1986-லிருந்து 1992 வரை பிட்ஸ்பர்க் பைரேட்ஸ், 1993-லிருந்து 2007 வரை சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் என இரண்டே அணிகளுக்கு ஆடினார். லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருதை 7 முறை வாங்கினார். வேறு யாரும் அதை 4 முறைகூட வாங்காத காலம் அது.

சரி, குற்றச்சாட்டு என்ன?

சான் பிரான்சிஸ்கோவுக்குப் பக்கத்தில் பர்லிங்கேம் என்ற ஊரில் பால்கோ என்று ஒரு சின்ன நிறுவனம் இருந்தது. வெளியே ஊட்டச்சத்து மாத்திரை வியாபாரம். உள்ளே ஓட்டப்பந்தய வீரர்களுக்கும் பேஸ்பால் வீரர்களுக்கும் ஊக்கமருந்து சப்ளை. நடத்தியவர் விக்டர் கான்டே. பான்ட்ஸின் உடற்பயிற்சியாளர் கிரெக் ஆண்டர்சன் சின்ன வயதிலிருந்தே அவருக்கு நண்பர். அந்த ஆண்டர்சன் பால்கோவிலிருந்து ஸ்டீராய்டு வாங்கி பான்ட்ஸுக்குக் கொடுத்தார் என்பதுதான் குற்றச்சாட்டு.

1998-ல் மார்க் மெக்குவயர் 70 ஹோம் ரன்னும் சாமி சோசா 66-ம் அடித்தார்கள். ரோஜர் மாரிஸ் 1961-ல் வைத்த 61 என்ற சாதனை அதில் உடைந்தது. நாடே அவர்கள் இருவரையும் கொண்டாட, இருவரையும்விடத் திறமையான பான்ட்ஸை யாரும் கவனிக்கவில்லை. அந்தப் பொறாமையில்தான் அவர் இந்தப் பக்கம் போனார் என்று சான் பிரான்சிஸ்கோ செய்தியாளர்கள் எழுதினார்கள். மனதுக்குள் நடந்ததற்கு யார் சாட்சி? ஆனால் 1998-க்குப் பிறகு அவர் உடம்பு மாறியதை டிவியில் ஆட்டம் பார்த்த எல்லோருமே கண்டோம்.

பால்கோ எப்படி மாட்டியது?

ஒரு ஊசிக்குழாயால். 2003 ஜூனில் ட்ரெவர் கிரஹாம் என்ற ஓட்டப்பந்தயப் பயிற்சியாளர், உள்ளே கொஞ்சம் மருந்து மிச்சம் ஒட்டியிருந்த ஒரு சிரிஞ்சை அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு நிறுவனத்துக்கு அனுப்பினார். நேர்மையால் அல்ல, தொழில் போட்டியால். பிற்பாடு அவரும் இதே விவகாரத்தில் தண்டிக்கப்பட்டார்.

அந்த மிச்சத்தை லாஸ் ஏஞ்சலஸில் டான் கேட்லின் என்ற விஞ்ஞானியின் ஆய்வகம் பிரித்துப் பார்த்தது. உலகில் எந்தப் பட்டியலிலும் இல்லாத புது ஸ்டீராய்டு. சுருக்கமாக டி.எச்.ஜி. என்று பெயர் வைத்தார்கள். பேட்ரிக் அர்னால்ட் என்ற வேதியியலாளர் உருவாக்கியது. வாங்கியவர்கள் அதை 'கிளியர்' என்று அழைத்தார்கள். நாக்குக்கடியில் சில சொட்டு விட்டால் போதும். இதற்குத் துணையாக 'கிரீம்' என்று ஒன்று, தோலில் தடவிக்கொள்வது.

2003 செப்டம்பர் 3-ம் தேதி அரசு அதிகாரிகள் பால்கோவில் சோதனை போட்டார்கள். வரித்துறை அதிகாரி ஜெஃப் நோவிட்ஸ்கி பல மாதமாக அந்த இடத்தின் குப்பையைக் கிளறித் தடயம் சேர்த்து வைத்திருந்தார்.

'கிளியர்' ஏன் பரிசோதனையில் தெரியாமல் இருந்தது?

எனக்கு இதில் மிகவும் ஆர்வமூட்டும் பகுதி இதுதான். அப்போதைய வழக்கமான பரிசோதனையில் சிறுநீர் மாதிரியை முதலில் ரசாயனம் சேர்த்துப் பக்குவப்படுத்தி, சூடாக்கி ஆவியாக்கி, கருவிக்குள் அனுப்புவார்கள். டி.எச்.ஜி. இந்தப் பக்குவப்படுத்தலையே தாங்காமல் சிதைந்துவிடும். கருவிக்குள் போகும்போது அங்கே பார்க்க எதுவும் மிச்சம் இருக்காது. போதாததற்கு, அப்படி ஒரு பொருள் இருப்பதே யாருக்கும் தெரியாது. தெரியாத பொருளை யார் தேடுவார்கள்? கேட்லின் குழு திரவ நிலையிலேயே சோதிக்கும் வேறு முறைக்கு மாறிய பிறகுதான் பிடிபட்டது.

கிரீமில் இருந்த தந்திரம் வேறு. உடம்பில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனும், அதன் ஜோடியான எபிடெஸ்டோஸ்டிரோனும் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கும். முதலாவது மட்டும் ஏறினால் விகிதம் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் கிரீமில் இரண்டையும் கலந்து வைத்தார்கள். விகிதம் குலையாது, பரிசோதகருக்குச் சந்தேகமும் வராது.

மருந்து குடித்தால் பந்தை அடிக்க முடியுமா? கண்ணும் கையும்தானே வேலை செய்கிறது?

பான்ட்ஸுக்காக வாதாடுகிறவர்கள் முதலில் சொல்வது இதைத்தான். அதில் பாதி உண்மை. மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் வரும் பந்து பேட்டரை எட்ட அரை நொடிகூட ஆகாது. அதற்குள் அது என்ன பந்து, எங்கே வருகிறது, விடலாமா அடிக்கலாமா என்று முடிவு செய்யும் கண்ணை எந்த மருந்தும் தராது. அந்தக் கண் பான்ட்ஸுக்குப் பிறவியிலேயே இருந்தது.

மறுபாதியைத்தான் அவர்கள் விட்டுவிடுகிறார்கள். ஸ்டீராய்டு தசையை வளர்க்கும். அதைவிட முக்கியம், கடும் பயிற்சிக்குப் பிறகு உடம்பைச் சீக்கிரம் தேற்றிவிடும். ஆறு மாதத்தில் 162 ஆட்டம் ஆடுகிற 37 வயது உடம்புக்கு இது எவ்வளவு பெரிய வரம்! வேலிக்கு நாலடி முன்னால் கேட்ச் ஆகியிருக்க வேண்டிய பந்து வேலியைத் தாண்டும். 2001-க்கு முன் பான்ட்ஸ் ஒரு பருவத்தில் அதிகபட்சம் அடித்தது 49. 2001-ல், 36 வயதில் தொடங்கிய பருவத்தில், 73. பேட்டர்கள் தேய ஆரம்பிக்கிற வயது அது. 2001-லிருந்து 2004 வரை நான்கு வருடமும் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கே.

2004-ல் அவருக்குப் பந்து போடவே எதிரணிகள் பயந்தன. 120 முறை, 'நீ அடிக்கவே வேண்டாம், சும்மா முதல் பேஸுக்குப் போ' என்று வேண்டுமென்றே அனுப்பிவைத்தார்கள். அப்படி ஒரு காட்சியை அந்த ஆட்டம் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

பான்ட்ஸ் என்ன சொன்னார்?

2003 டிசம்பர் 4-ம் தேதி விசாரணை ஜூரி முன், அதாவது வழக்குப் போடலாமா என்று ரகசியமாக விசாரிக்கும் பொதுமக்கள் குழு முன், சாட்சி சொன்னார். உண்மையைச் சொன்னால் அதை வைத்து அவர்மேல் வழக்கு வராது, பொய் சொன்னால் வரும் என்ற ஏற்பாடு. ஆண்டர்சன் கொடுத்ததைப் பயன்படுத்தினேன், ஆனால் ஒன்று ஆளிவிதை எண்ணெய், இன்னொன்று மூட்டுவலித் தைலம் என்றுதான் நினைத்தேன், தெரிந்து ஸ்டீராய்டு எடுக்கவில்லை என்றார்.

இந்த ரகசியச் சாட்சியம் 2004 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோ கிரானிக்கிள் பத்திரிகையில் வெளிவந்தது. யார் கொடுத்தார்கள் என்று சொல்ல மறுத்த இரண்டு செய்தியாளர்களும் சிறைக்குப் போகும் நிலை வந்தது. கடைசியில் கசியவிட்டவர் பால்கோ தரப்பு வழக்கறிஞர் ஒருவர் என்று தெரிந்தது. மருந்து விற்ற கான்டேவுக்கு 4 மாதச் சிறை. காகிதத்தைக் கசியவிட்ட வழக்கறிஞருக்கு 30 மாதம். இந்தக் கணக்கு எனக்கு இன்றுவரை செரிக்கவில்லை.

பரிசோதனையில் ஸ்டீராய்டுக்காக அவர் சிக்கவே இல்லை என்கிறார்களே?

லீக் நடத்திய பரிசோதனையில் ஸ்டீராய்டுக்காகச் சிக்கியதில்லை என்பது சரி. 2003-ல் லீக் எடுத்த அவருடைய மாதிரியும் அப்போது சுத்தமாகவே வந்தது. டி.எச்.ஜி.யைத் தேடத் தெரியாத பரிசோதனை அது. பின்னால் அரசு அதிகாரிகள் அந்த மாதிரியைக் கைப்பற்றி கேட்லினின் ஆய்வகத்தில் மறுபடி சோதித்தபோது அதில் டி.எச்.ஜி. இருந்தது. பொய்ச்சாட்சி சொன்னதாக பான்ட்ஸ்மேல் நடந்த 2011 வழக்கில் ஜூரி முன் இந்த முடிவு வைக்கப்பட்டது.

அதே வழக்கில் பான்ட்ஸின் வழக்கறிஞரே, அவர் கிளியரையும் கிரீமையும் பயன்படுத்தினார், ஆனால் இன்னதென்று தெரியாமல் பயன்படுத்தினார் என்றுதான் வாதாடினார். ஆகவே 'அவர் உடம்பில் மருந்து போனதா' என்பதில் இரு தரப்புக்கும் சண்டையே இல்லை. 'தெரிந்து போனதா' என்பதில்தான் சண்டை. இணையத்தில் நடக்கும் வாதங்களில் பாதி இந்த வித்தியாசம் தெரியாமல் நடப்பவை.

அந்தக் காலத்தில் பேஸ்பாலில் அதற்குத் தடையே இல்லை என்பது உண்மையா?

தடை காகிதத்தில் இருந்தது. 1991-ல் அப்போதைய ஆணையர் ஃபே வின்சென்ட் அணிகளுக்கு அனுப்பிய குறிப்பில் ஸ்டீராய்டும் தடை செய்யப்பட்டது என்று எழுதியிருந்தார். ஆனால் பரிசோதனை கிடையாது, தண்டனை கிடையாது. பரிசோதனையை எதிர்த்து வீரர்கள் சங்கம் கடைசிவரை நின்றது. அணி உரிமையாளர்களுக்கோ 1994-ல் வீரர்கள் செய்த வேலைநிறுத்தத்தால் ஓடிப்போன ரசிகர்கள் திரும்ப வேண்டும். 1998-ல் அவர்களை அழைத்துவந்தது மெக்குவயரும் சோசாவும் அடித்த பந்துகள்தான்.

அந்த ஆகஸ்டில் ஒரு செய்தியாளர் மெக்குவயரின் அலமாரியில் ஆண்ட்ரோஸ்டெனிடியோன் என்ற புட்டியைப் பார்த்து எழுதினார். ஒலிம்பிக்கில் தடையான பொருள், ஆனால் பேஸ்பாலில் அல்ல. புட்டியை வைத்திருந்தவரை விட்டுவிட்டு, எட்டிப் பார்த்து எழுதியவர்மேல்தான் பலரும் பாய்ந்தார்கள். ஸ்டீராய்டு எடுத்ததாக மெக்குவயர் ஒப்புக்கொண்டது 2010-ல்.

பெயர் சொல்லாத மாதிரிக் கணக்கெடுப்பு 2003-ல்தான் நடந்தது. 5 சதவீதத்துக்கு மேல் சிக்கினால் முறையான பரிசோதனை என்று ஒப்பந்தம். தாண்டியது. 2004-ல் பரிசோதனை வந்தது. முதல் முறை சிக்கினால் 2005-ல் 10 நாள் தடை, 2006-லிருந்து 50 ஆட்டம், 2014-லிருந்து 80 ஆட்டம். 2007 டிசம்பரில் முன்னாள் செனட்டர் ஜார்ஜ் மிட்செல் கொடுத்த அறிக்கை 89 வீரர்களின் பெயரைச் சொன்னது. அதில் ஒருவர்தான் பான்ட்ஸ்.

வழக்கு என்ன ஆனது? ஜெயிலுக்குப் போனாரா?

இல்லை. மருந்து எடுத்ததற்காக அவர்மேல் வழக்கே போடவில்லை. 2003-ல் விசாரணை ஜூரி முன் பொய் சொன்னார், நீதிக்கு இடையூறு செய்தார் என்று 2007 நவம்பரில் குற்றம் சாட்டினார்கள். விசாரணை தொடங்க 2011 மார்ச் ஆகிவிட்டது. டாக்டரைத் தவிர யாரும் தனக்கு ஊசி போட்டதில்லை என்று பான்ட்ஸ் சொல்லியிருந்தார். பான்ட்ஸிடம் வேலை பார்த்த ஒரு பெண், ஆண்டர்சன் அவர் வயிற்றில் ஊசி போட்டதைக் கண்ணால் கண்டேன் என்று சாட்சி சொன்னார். அந்த ஒரு குற்றச்சாட்டில் 12 ஜூரிகளில் 11 பேர் குற்றவாளி என்றார்கள், ஒருவர் ஒப்பவில்லை. பொய்ச்சாட்சிக் குற்றச்சாட்டுகள் மூன்றிலுமே ஜூரிகள் ஒருமனதாக முடிவுக்கு வரவில்லை.

நின்றது ஒன்றே ஒன்று: இடையூறு. அதுவும் எதற்காகத் தெரியுமா? 'நீங்களே ஊசி போட்டுக்கொள்ளும்படி கிரெக் ஏதாவது கொடுத்தாரா' என்று கேட்டார்கள். ஆம், இல்லை என்று சொல்லாமல் பான்ட்ஸ் எங்கெங்கோ போனார். என் டாக்டர் மட்டும்தான் என்னைத் தொடுவார், கிரெக்கும் நானும் நண்பர்கள், வீட்டுக்கு வந்தால் மீன்பிடிப்பதைப் பற்றிப் பேசலாம், பேஸ்பால் பேசினால் கிளம்பிவிட வேண்டும், நான் புகழ்பெற்ற அப்பாவுக்குப் பிறந்த பிள்ளை, அடுத்தவர் விஷயத்தில் தலையிட மாட்டேன் என்ற ரீதியில் ஒரு நீண்ட பேச்சு. கேள்விக்கு வழுக்கிப்போகும் பதில் என்று இதைத்தான் ஜூரி குற்றமாக எடுத்தது. 30 நாள் வீட்டுக்காவல், இரண்டு வருட நன்னடத்தைக் கண்காணிப்பு, 250 மணி நேரச் சமூகப்பணி, 4,000 டாலர் அபராதம்.

2015 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் 11 நீதிபதிகள் கொண்ட அமர்வு 10-க்கு 1 என்று அதையும் தள்ளுபடி செய்தது. அதே கேள்வியைத் திரும்பக் கேட்டபோது அவர் நேரடியாகவே இல்லை என்று சொல்லியிருந்தார். இடையில் சுற்றி வளைத்த ஒரு பதில் விசாரணையைக் கெடுத்துவிட்டதாகச் சொல்ல முடியாது என்றார்கள். சட்டத்தின் கண்ணில் இன்று பான்ட்ஸ் எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெற்றவர் அல்ல.

ஆண்டர்சனைக் கேட்டாலே தெரிந்திருக்குமே?

கேட்டார்கள். வாயே திறக்கவில்லை. சாட்சி சொல்ல மறுத்ததற்காக மட்டும் ஒரு வருடத்துக்கும் மேல் உள்ளே இருந்தார். 2011-ல் வழக்கு நடந்த வாரங்களிலும் மறுபடி சிறைக்குப் போனார். அவர் பேசாததால், பால்கோவில் எடுத்த பழைய சிறுநீர் மாதிரிகள் பான்ட்ஸுடையவைதான் என்று நிரூபிக்க முடியாமல் நீதிபதி அவற்றை ஒதுக்கிவிட்டார். அரசுத் தரப்பு பலவீனமானது இதனால்தான்.

ஹாங்க் ஆரன் சாதனையை உடைத்த அன்று என்ன நடந்தது?

பான்ட்ஸுக்கு முன் மொத்த ஹோம் ரன் சாதனை ஆரனுடையது. அவர் கறுப்பினத்தவர். 1974-ல் அதற்கு முந்தைய சாதனையான பேப் ரூத்தின் 714-ஐ நெருங்கியபோது கொலை மிரட்டல் கடிதங்கள் மூட்டை மூட்டையாக அவருக்கு வந்தன. அதைத் தாங்கி 755 வரை போனவர். அதனால்தான் அந்த எண்மேல் அமெரிக்கர்களுக்கு அவ்வளவு மரியாதை.

2007 ஆகஸ்ட் 4-ம் தேதி சான் டியகோவில் பான்ட்ஸ் 755-ஐத் தொட்டார். பேஸ்பால் ஆணையர் பட் சீலிக் எழுந்து நின்றார், கைகள் பாக்கெட்டுக்குள்ளேயே இருந்தன. பந்து போட்ட கிளே ஹென்ஸ்லி 2005-ல் கீழ்நிலை லீக்கில் ஊக்கமருந்து விதியின்கீழ் தடை பெற்றவர். அந்தக் காலம் எப்படி இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான ஒரு காட்சி எனக்குத் தெரியாது.

மூன்று நாள் கழித்து சான் பிரான்சிஸ்கோவில் 756. போட்டவர் மைக் பாக்சிக். அவருடைய அப்பாவும் பிட்ச்சர் (பந்து போடுகிறவர்), 1976-ல் ஆரனுக்குப் பந்து போட்டிருக்கிறார், ஆரன் கணக்கில் 755 இருந்தபோது. ஊர் ரசிகர்கள் ஆர்ப்பரித்தார்கள். ஆரன் வரவில்லை. மைதானத்தின் பெரிய திரையில் அவர் பதிவு செய்து அனுப்பிய வாழ்த்து ஓடியது.

அந்தப் பந்தை ஆடை வடிவமைப்பாளர் மார்க் எக்கோ ஏலத்தில் 7,52,467 டாலருக்கு வாங்கி, என்ன செய்யலாம் என்று மக்களிடம் ஓட்டுக் கேட்டார். நட்சத்திரக்குறி பொறிப்பது என்று முடிவானது. புள்ளிவிவரப் புத்தகத்தில் நட்சத்திரக்குறி போட்டால் 'கீழே விளக்கம் பார்' என்று பொருள். சாதனையில் கறை என்று சொல்லாமல் சொல்வது. வெள்ளைத் தோலில் நட்சத்திரம் பொறித்த அந்தப் பந்து கூப்பர்ஸ்டவுனில் உள்ள ஹால் ஆஃப் ஃபேம் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

ஹால் ஆஃப் ஃபேமில் ஏன் சேர்க்கவில்லை?

பேஸ்பால் எழுத்தாளர்கள் ஓட்டுப் போடுவார்கள். 75 சதவீதம் வேண்டும், 10 வருடம்தான் பட்டியலில் இருக்கலாம். 2013-ல் பான்ட்ஸுக்கு 36.2 சதவீதம். கடைசி வருடமான 2022-ல் 66. 'நேர்மை, நடத்தை' என்ற விதிமுறை வாசகத்தைக் காட்டிப் பலர் மறுத்தார்கள். அதே 2022-ல் டேவிட் ஓர்டிஸ் முதல் முயற்சியிலேயே தேர்வானார். 2003 கணக்கெடுப்பில் சிக்கியவர் பட்டியலில் அவர் பெயரும் இருந்ததாக 2009-ல் செய்தி வந்திருந்தது. அந்த முடிவின் நம்பகத்தன்மையில் சந்தேகம் இருப்பதாக லீக்கே பின்னர் சொன்னது. அது நியாயமாகவே இருக்கலாம். ஆனால் ஓர்டிஸ் எல்லோருக்கும் பிடித்தவர், பான்ட்ஸ் செய்தியாளர்களை எரிந்து விழுந்து விரட்டியவர் என்பதையும் மறக்க முடியவில்லை.

எனக்கு இன்னும் உறுத்துவது வேறு. இந்தக் காலம் முழுக்க ஆட்டத்தை நடத்திய சீலிக்கை 2017-ல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள்.

மருந்துக்கு முன்பே அவர் மேதைதானே?

சந்தேகமே இல்லை. 1998 முடிவில் அவர் கணக்கில் 411 ஹோம் ரன், 445 திருடிய பேஸ் (பந்து அடிபடாமலேயே ஓடி அடுத்த பேஸைப் பிடிப்பது), மூன்று சிறந்த ஆட்டக்காரர் விருது. 400-க்கு மேல் இரண்டும் எட்டிய முதல் ஆள். அன்றைக்கே ஓய்வு பெற்றிருந்தாலும் கூப்பர்ஸ்டவுன் அவரை வாசலில் வந்து அழைத்திருக்கும். அதனால்தான் இந்தக் கதை எனக்கு வலிக்கிறது. தேவையே இல்லாதவர் செய்தார்.

உங்கள் கருத்து என்ன?

எடுத்தார், தெரிந்தேதான் எடுத்தார் என்று நான் நம்புகிறேன். தன் உடம்பை அங்குலம் அங்குலமாகக் கவனித்தவர், என்ன தடவுகிறோம் என்று கேட்காமல் தடவினார் என்பது என் மனதுக்கு ஒப்பவில்லை. இது என் நம்பிக்கைதான், தீர்ப்பு அல்ல.

அவரைச் சேர்க்க வேண்டும் என்பதும் என் கருத்து. சுவரில் பெயரையும் வைத்து, பக்கத்திலேயே பால்கோ கதையையும் முழுசாக எழுதி வையுங்கள். அந்தக் காலத்தில் சுத்தமாக ஆடி, மருந்து எடுத்தவனிடம் இடத்தைப் பறிகொடுத்து, பெயர் தெரியாமல் ஊர் திரும்பிய வீரர்கள் இருக்கிறார்கள். நடந்ததை எழுதி வைத்தால்தான் அவர்கள் கணக்கும் அதில் வரும். பான்ட்ஸ் ஒருவரை மட்டும் வெளியே நிறுத்திவிட்டால், தப்பு அவரோடு முடிந்துவிட்டது என்று லீக் கைகழுவிக்கொள்ளும்.

இனி வாய்ப்பு உண்டா?

எழுத்தாளர்கள் தவறவிட்டவர்களை 16 பேர் கொண்ட குழு மறுபடி பரிசீலிக்கும். 2022-லும் 2025-லும் பான்ட்ஸ் பெயர் வந்தது. 12 ஓட்டு வேண்டும். 2025 டிசம்பரில் ஐந்துகூட வரவில்லை. அன்று தேர்வானவர் ஜெஃப் கென்ட், ஒரே அணியில் ஆடிய காலத்தில் பான்ட்ஸோடு வீரர்கள் அமரும் இடத்திலேயே கைகலந்தவர். ஐந்துக்குக் கீழே போனால் அடுத்த சுற்றில், அதாவது 2028-ல், பெயர் வராது என்பது புது விதி. ஆகவே இனி 2031-ல்தான் வாய்ப்பு. அப்போதும் ஐந்து கிடைக்காவிட்டால் பட்டியலிலிருந்தே நிரந்தரமாக எடுத்துவிடுவார்கள்.